காற்றின் மேல் போட்ட பழி

டூகல்ட் மக்ஃபேட்யன் எங்கள் கார்னசே தீவின் ஃபெர்ரிக்குக் கேப்டனாக இருந்த காலத்தில், பயந்தவர்களைக் கேலி செய்வது ஒன்றுதான் அவரிடம் இருந்த கெட்ட பழக்கம். குடி அளவோடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம். யார் வீட்டில் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். ஆனால் அவர் விடுப்பில் போகும்போது அக்கரையிலிருந்து மாற்று ஆளாக வரும் கென்னத் ரீக்கி என்ற கேப்டனைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

கென்னத் கொஞ்சம் காற்று ஏறினாலும் ஃபெர்ரியைக் கட்டிப்போட்டுவிடுகிற ஆள். டூகல்ட் அவருக்குப் ‘பூனை’ என்று பேர் வைத்திருந்தார்.

“பூனை கால்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டா என்ன பண்ணும், பாத்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, மது விடுதியின் நடுவில் நின்று ஒற்றைக் கையை முன்னங்கால் மாதிரி தூக்கி உதறிக் காட்டுவார். “ஐயையோ நனைஞ்சிடுச்சே! இன்னிக்கு ஃபெர்ரி கிடையாது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க!”

விடுதியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். துறைக்கு மேலே இருக்கிற கடை என்னுடையது. ரொட்டி, பால், தபால்தலை, ஃபெர்ரிக்குக் காத்திருப்பவர்களுக்குத் தேநீர், எல்லாம் அங்கேதான். கல்லாவில் உட்கார்ந்தால் ஃபெர்ரி வருவதும் போவதும் தெரியும். அதனால் இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதியை அதில் சம்பந்தப்பட்டவர்களே சொன்னார்கள். “எழுதுறதா இருந்தா முழுசா எழுது. எனக்காகப் பாத்து எதையும் மறைக்காதே,” என்று அவர்களில் ஒருத்தியான எஃபி சொல்லிவிட்டாள்.

எங்கள் ஃபெர்ரி சின்னது. ஆறு கார் ஏறினால் நிறைந்துவிடும். அதன் முனையில் ஒரு பெரிய இரும்புப் பலகை உண்டு. கரைக்கு வந்ததும் அதை இறக்கித் துறையின் சிமெண்டுச் சரிவில் படிய வைப்பார்கள். கார்கள் அதன் மேல் ஏறி உள்ளே போகும். அந்த நேரம் முழுக்கக் கேப்டன் மேலறையில் நின்று, எஞ்சினை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்து, பலகை கரையைவிட்டு நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே தளத்தில் அவருடைய உதவியாள் இஷ்பெல் நின்று கையசைத்து ஒவ்வொரு வண்டியாக உள்ளே வாங்குவாள். எஞ்சின் அறையில் ஒருவர் இருக்கிறார், அவர் தலையை வெளியே நீட்டினால் மழை வரும் என்பார்கள்.

காலையில் நர்ஸும் தபால் வண்டியும். அப்புறம் கடைச் சரக்கு. எண்ணெய் லாரி வந்தால் அதை மட்டும் தனியாக ஏற்றி, வேறு பயணிகளே இல்லாமல் கொண்டுபோவார்கள். இலையுதிர் காலத்தில் ஆட்டுக்குட்டிகளை அடைத்த வண்டிகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள். கோடையில் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாத சுற்றுலாக்காரர்கள். எப்போதாவது சவப்பெட்டி வண்டி. பிறந்தாலும் இறந்தாலும் எங்களுக்கு அந்த ஒரு வழிதான்.

ஃபெர்ரி போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை கேப்டன் ஒருவருக்கு மட்டும்தான். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கம்பெனியின் பெரிய அதிகாரியே வந்தாலும் ‘ஏன் போகவில்லை’ என்று கேட்கக்கூடாது. நல்ல விதிதான். அந்த விதிக்குள் போய்த்தான் டூகல்ட் ஒளிந்துகொண்டார்.

*

ஒரு மார்ச் மாதம், கடல் நன்றாக உள்வாங்கியிருந்த காலை. முதல் வண்டியாக எஃபி தன் சின்ன சிவப்புக் காரில் வந்தாள். எஃபி பள்ளிக்கூடத்தில் சமைப்பவள், கோழி வளர்ப்பவள், புருஷன் போன பிறகு தனியாக இருப்பவள். பக்கத்து இருக்கையில் அக்கரைக்கு விற்கக் கொண்டுபோகும் முட்டைத் தட்டுகள்.

கார் பலகையின் மேல் ஏறிய நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு பெரிய அலை உருண்டு வந்து ஃபெர்ரியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தது. பலகை சிமெண்டைக் கீறிக்கொண்டு நழுவியது. கார் பக்கவாட்டில் திரும்பி, பின்சக்கரம் ஒன்று பலகையின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே தொங்கியது.

“முன்னாடி தள்ளுங்க! டூகல்ட், முன்னாடி!” என்று இஷ்பெல் கத்தினாள்.

நான் கடை வாசலுக்கு ஓடி வந்துவிட்டேன். மேலறையின் கண்ணாடி வழியே டூகல்ட் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. அசையவே இல்லை. அடுத்த அலை தானாகவே ஃபெர்ரியை மறுபடி கரையில் கொண்டுவந்து மோதியது. அந்த இடைவெளியில் இஷ்பெல் கார்க் கதவைத் திறந்து எஃபியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் ஓடிப் போய்க் காரைத் தூக்கித் தளத்துக்குள் தள்ளினார்கள்.

எஃபிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மேலே பார்த்துக் கத்தினாள்: “டூகல்ட்! அடுத்த தடவை என்னைக் கடல்ல தள்றதா இருந்தா முந்தின நாளே சொல்லு. நீச்சல் உடுப்புப் போட்டுக்கிட்டு வரேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். பயம் விட்ட பிறகு வருமே, அந்தச் சிரிப்பு. டூகல்டும் கையைத் தூக்கிக் காட்டினார்.

அந்தச் சில நொடிகளில் என்ன நடந்தது என்பதை அவர் வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். கை எஞ்சின் விசையின் மேல்தான் இருந்தது. தள்ள வேண்டும் என்று தெரிந்தது. கை போகவில்லை. “யாரோட கையையோ பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு,” என்றார்.

ஒரு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பலகையைப் பார்த்தார், துறையைப் பார்த்தார். என் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே டூகல்டின் முதுகில் தட்டினார். “வேற ஆளா இருந்தா பதறிப்போய் எஞ்சினை முறுக்கியிருப்பான். கார் அடியில போயிருக்கும். நீங்க அசையாம நின்னீங்க பாருங்க, அதுதான் அனுபவம்.”

டூகல்ட் வாயைத் திறந்தார். பக்கத்தில் இஷ்பெல் நின்றிருந்தாள். அவள் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டூகல்ட் வாயை மூடிக்கொண்டார். அவர் காது இரண்டும் சிவந்துபோனதைப் பார்த்தேன். புகழ்ச்சியைக் கேட்டுக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

அதிகாரி சொன்னதைக் கேள்விப்பட்டு அந்த வாரமே எஃபி ஒரு விஸ்கி பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். “உயிரைக் காப்பாத்தின கையாச்சே,” என்று சொல்லித்தான் கொடுத்தாளாம்.

*

அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாள் காலையும் டூகல்ட் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். அவர் மனைவி மர்செலி வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். மர்செலி சிரிக்கிற பெண் இல்லை. ஆனால் சொல்ல வேண்டுமானால் அந்த அதிகாரியின் பாராட்டிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு அவருக்கு வாய் வரவில்லை.

நல்ல வெயில் நாட்களில் ஓட்டினார். கோடை முழுக்க ஒருவிதமாகச் சமாளித்தார். ஒவ்வொரு முறை பலகை இறங்கும்போதும் கை வியர்க்கும். ஆகஸ்ட் முடிவில் காற்று திரும்பியது. முதலில் நிஜமான காற்றுக்கே ஃபெர்ரியை நிறுத்தினார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அரைக் காற்றுக்கு நிறுத்தினார். அதற்குப் பிறகு, பழைய டூகல்டாக இருந்தால் சீட்டி அடித்துக்கொண்டே போயிருக்கக்கூடிய நாட்களிலும் எங்கள் தொலைபேசிகளுக்குச் செய்தி வந்தது: ‘துறையில் அலை அதிகம். ஃபெர்ரி இல்லை.’

கடைக்கு ரொட்டி வராத நாட்கள் கூடின. ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டுக்கு வர முடியாமல் விடுதியிலேயே தங்கினார்கள். சந்தைக்குப் புறப்பட்ட ஆட்டுக்குட்டிகளைத் துறையிலிருந்தே திருப்பி மேய்ச்சல் மேட்டுக்கு ஓட்டிப் போனார்கள்.

டூகல்டின் தம்பி ரூரி சின்னப் படகு வைத்துச் சிங்கி இறால் பிடிப்பவன். ஒரு நாள் என் கடையில் அண்ணனைப் பார்த்துக் கேட்டான். குரலில் வம்பு ஒன்றும் இல்லை.

“அண்ணே, காலையில நான் போய்க் கூண்டெல்லாம் தூக்கிட்டு வந்துட்டேன். டீக் கோப்பைகூடச் சாயல. என்னத்துக்கு நிறுத்தினே?”

“உன் படகு வேற, என் ஃபெர்ரி வேற,” என்றார் டூகல்ட். “உன் படகுல இறால் ஏறுது. என் ஃபெர்ரியில ஜனங்க ஏறுறாங்க. ஒண்ணு ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?”

ரூரி தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான். கடையில் நின்றவர்கள் அலமாரியில் இருந்த பிஸ்கட்டை உற்றுப் பார்த்தார்கள்.

இஷ்பெல் மட்டும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் “துறையில நிஜமாவே அலை இருந்துச்சு” என்று அவருக்காகப் பொய் சொன்னாள். அவள் கேப்டன் பரீட்சை தேறியவள். ஆனால் அவரிடம்தான் வேலை கற்றாள். அந்த நன்றி அவள் வாயைக் கட்டிப்போட்டது.

*

அக்டோபரில் எஃபிக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் செய்துகொண்டு, ஒரு புதன்கிழமை திரும்பி வருவதாக இருந்தாள். அக்கரைத் துறை வரை டாக்ஸியில் வந்து, அங்கிருந்து ஃபெர்ரியில் இந்தக் கரை. நான் அவள் வீட்டில் அடுப்பை மூட்டி, ஒரு பானை சூப் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அன்று வானம் சாம்பல் நிறம். கடல் நீளமாக, மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தது. காற்று என்று சொல்ல ஒன்றும் இல்லை. டூகல்ட் மேலறையில் நின்று துறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை எடுத்துச் செய்தியை அனுப்பினார்.

இஷ்பெல் ஏணியில் ஏறி மேலே போனாள். வழக்கமாக அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

“கேப்டன், அலை எங்க இருக்கு? எனக்குக் காட்டுங்க.”

“துறை வாய்ல பாரு. எழும்புது.”

“நானும் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். கணுக்கால் அளவு எழும்புது.”

“ஏறும். தண்ணி திரும்பும்போது ஏறும்.”

“அக்கரையில எஃபி வந்து நிக்கிறாங்க. ஆபரேஷன் பண்ணின உடம்பு. உங்களுக்கு முடியலேன்னா நான் ஓட்டுறேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். கம்பெனிக்கும் சொல்ல மாட்டேன். நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க, போதும்.”

டூகல்டுக்கு முகம் கொதித்தது. “இந்த ஃபெர்ரிக்குக் கேப்டன் நானா, நீயா?”

இஷ்பெல் ஏணியில் இறங்கி வந்துவிட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் தன் வாழ்க்கையிலேயே தான் செய்த கேவலமான காரியம் என்று டூகல்ட் பிற்பாடு சொன்னார். அதைவிடக் கேவலமானது அன்றைக்கே இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

எஃபி அக்கரையிலிருந்து என் கடைக்குப் போன் செய்தாள். டாக்ஸி அவளை இறக்கிவிட்டு வேறு சவாரிக்குப் போய்விட்டதாம். தகரக் கொட்டகையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறாளாம்.

“என்ன ஆச்சு அங்க? இங்கேருந்து பாத்தா என் வீட்டுப் புகைபோக்கி தெரியுது, துணி காயப்போட்ட கொடி தெரியுது. கடல் பால் மாதிரி கிடக்கு. ஃபெர்ரி கெட்டுப்போச்சா?”

“துறையில அலையாம்,” என்றேன்.

“எந்தத் துறையில?”

பக்கத்தில் ரூரி வலைக்கயிறு வாங்க வந்து நின்றிருந்தான். கயிற்றைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு, இறங்கித் தன் படகுக்குப் போனான்.

செய்தி எப்படிப் பரவுமோ தெரியாது. ரூரியின் படகு திரும்பி வரும்போது துறையில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். படகின் நடுவில், மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் எஃபி உட்கார்ந்திருந்தாள். ரூரியின் மஞ்சள் மழைக்கோட்டைக் கழுத்து முதல் கால் வரை சுற்றியிருந்தாள். ஊன்றுகோல் இரண்டும் மடியில். கடல் அவ்வளவு அமைதியாக இருந்ததால், அவள் ஒரு கையால்தான் படகைப் பிடித்திருந்தாள்.

கார்னசேயில் படகு ஒதுக்க வேறு இடம் கிடையாது. கட்டிப்போட்டிருந்த ஃபெர்ரியை ஒட்டித்தான் வந்தாக வேண்டும்.

டூகல்ட் அது நெருங்கி வருவதை மேலறையிலிருந்து பார்த்தார். இறங்கிப் போய்விடலாம் என்றால் ஏணி துறைப் பக்கம் இருந்தது. இத்தனை பேர் முன்னால்தான் இறங்க வேண்டும். நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்றால் நான்கு பக்கமும் கண்ணாடி. ஐம்பத்தாறு வயது ஆள், இருபது வருஷம் அந்த அறையில் நிமிர்ந்து நின்றவர், மெல்ல முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். கண்ணாடிக்குக் கீழே தலை தெரியாதபடி குனிந்துகொண்டார்.

கீழே பேச்சு எல்லாம் அவருக்குக் கேட்டது. “மெதுவா, மெதுவா, அந்தக் காலை ஊனாதீங்க.” “பெட்டியோட தூக்குடா.” “ராணி மாதிரி வரீங்க எஃபி.” அப்போது கூட்டத்திலிருந்து யாரோ, யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், மேலறையைப் பார்த்து நீளமாக “மியா...வ்” என்றார்கள்.

சிலர் சிரித்தார்கள்.

“யாரு அது?” என்றாள் எஃபி. “வெக்கமா இல்ல? என்னைக் கடல்ல விழாம காப்பாத்தின மனுஷன் அவரு.” பிறகு தலையைத் தூக்கி, “டூகல்ட்! எங்க இருக்கே? உடம்பு கிடம்பு சரியில்லையாப்பா?” என்று கூப்பிட்டாள். அவள் குரலில் நிஜமான கவலை இருந்தது.

மேலறையின் கண்ணாடியில் ஒரு தலையும் தெரியவில்லை.

இஷ்பெல் ஏணியில் பாதி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையில், விசைப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். இருவர் கண்ணும் சந்தித்தன. அவள் கீழே இறங்கி, “அங்க யாரும் இல்ல. வீட்டுக்குப் போயிட்டாரு போல,” என்றாள். அதுதான் அவள் அவருக்காகச் சொன்ன கடைசிப் பொய்.

*

மறுநாள் காலை டூகல்ட் எஃபி வீட்டுக்குப் போனார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். எஃபி கணப்புக்குப் பக்கத்தில், ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“வா, வா. உடம்புக்கு என்ன? நேத்து எல்லாரும் என்னென்னமோ பேசுறாங்க.”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல,” என்றார். “நேத்து அலையும் இல்ல. பயம்.”

மார்ச் மாதத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கை நகராமல் போனதை, அதிகாரி பாராட்டியதை, வாந்தி எடுத்ததை. மேலறைத் தரையில் உட்கார்ந்ததையும் சொன்னார். அவள் மன்னித்துவிடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனார். அதை அவரே ஒத்துக்கொள்கிறார். எஃபி எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளுகிறவள், இதையும் தள்ளிவிடுவாள் என்று நினைத்தார்.

எஃபி சிரிக்கவில்லை.

“நீ பயந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. யாருக்கும் வரலாம். ஆனா நேத்து நான் அந்தக் கொட்டகையில எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? அங்க இருக்கிற கக்கூஸைச் சீசன் முடிஞ்சிடுச்சுன்னு பூட்டிட்டுப் போயிட்டாங்க. புதர்ப் பக்கம் போகலாம்னா இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு எழுந்திரிக்கவே முடியல.” அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “உட்கார்ந்த இடத்துலயே போயிட்டேன், டூகல்ட். சின்னப் பிள்ளை மாதிரி. உன் தம்பி வந்து பாத்துட்டு, ஒரு வார்த்தை கேக்காம, தன்னோட கோட்டைக் கழட்டிச் சுத்திவிட்டான். அவன் முகத்தை நான் இனிமே எப்படிப் பாப்பேன்? நீ பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இஷ்பெல் வந்திருப்பா இல்ல? நீ காத்து மேல பழி போட்ட. அந்தப் பழி என் பாவாடையில வந்து விழுந்துச்சு.”

டூகல்டுக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. அது அந்த இடத்துக்குப் போதாது என்று அவருக்கே தெரிந்தது.

“எழுந்து போ,” என்றாள் எஃபி. “இன்னிக்கு உன் மூஞ்சியைப் பாக்க முடியல. நாளைக்கோ மறுநாளோ பாத்துத்தானே ஆகணும், இந்த ஊர்ல. அப்போ பாக்கறேன்.”

*

அவர் நேராகத் துறைக்குப் போய்ச் சாவியை இஷ்பெல் கையில் கொடுத்தார். கம்பெனிக்குப் போன் செய்து, அதிகாரி பாராட்டியது தவறு என்பதிலிருந்து ஆரம்பித்தார். டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார், மாத்திரையும் கொடுத்தார், சில வாரம் ஓய்வு கொடுத்தார். அந்தப் பேரை டூகல்ட் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வியாதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறான் என்று நினைப்பார்கள் என்ற பயம்.

பெரிய ஊரில் அலுவலக வேலை தருவதாகக் கம்பெனி சொன்னது. மர்செலிக்குப் போக ஆசைதான்.

“அங்க யாருக்கும் நம்மளைத் தெரியாது. நிம்மதியா இருக்கலாம்ங்க.”

“அங்க போனா இங்க என்ன பேசுறாங்கன்னு நினைச்சுக்கிட்டே இருப்பேன்,” என்றார் டூகல்ட். “இங்கேயே இருந்தா காதுல விழும். அது பரவாயில்ல.”

தளத்தில் வேலை கேட்டார். கையசைத்து வண்டி ஏற்றும் வேலை. அதே ஃபெர்ரியில். கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள்.

இஷ்பெலுக்கு அந்தத் துறையில் ஓட்ட அனுமதித் தாள் வந்து சேர வசந்த காலம் ஆகும் என்றார்கள். அதுவரை குளிர்காலம் முழுக்க மேலறைக்கு வந்தவர் கென்னத் ரீக்கி.

தளத்தில் தன் முதல் நாள் டூகல்ட் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்றார். கென்னத் தேநீர்க் குடுவையோடு வந்தார்.

“உங்களைப் பத்தி நான் ஒரு பேர் சொல்லிக்கிட்டு இருந்தேன்,” என்றார் டூகல்ட்.

“பூனை,” என்றார் கென்னத். “ரொம்ப நாளாத் தெரியும். என் வீட்டுக்காரிக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இப்ப அவளும் அப்படித்தான் கூப்பிடுறா.” ஏணியில் ஒரு படி ஏறிவிட்டுத் திரும்பினார். “நீங்க கையை உதறிக் காட்டுவீங்களாமே. ஒரு நாள் எனக்கும் காட்டுங்க.”

அவர் கோபமாகச் சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா என்று டூகல்டுக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் இருவரும் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

கஷ்டம் அது இல்லை. கஷ்டம் கார் ஜன்னல்கள். ஃபெர்ரியில் ஒவ்வொரு வண்டியாகப் போய் டிக்கெட் பார்க்க வேண்டும். ஜன்னல் இறங்கும். உள்ளே தெரிந்த முகம். சந்தைக்குப் போகாத ஆட்டுக்குட்டிகளின் சொந்தக்காரன். வெள்ளிக்கிழமை பிள்ளை வராமல் போன தாய். சிலர் சீட்டை நீட்டிவிட்டு ரேடியோவைத் திருகுவார்கள். சிலர் தேவைக்கு மேல் நல்லவர்களாகி, “எப்படி இருக்கீங்க டூகல்ட், நல்லாருக்கீங்களா?” என்று நோயாளியிடம் கேட்பதுபோலக் கேட்பார்கள். இரண்டாவது வகைதான் அவருக்குத் தாங்கவில்லை. தினமும் அத்தனை ஜன்னலிலும் குனிந்தார்.

ரூரி ஒரு நாள் துறையில் அண்ணனைப் பிடித்து நிறுத்தினான். “உன்னை அசிங்கப்படுத்தணும்னு நான் அன்னிக்குப் போகலண்ணே.”

“தெரியும்டா. நான் போகல, அதான் நீ போன.”

ரூரி ஒரு பையில் இரண்டு சிங்கி இறாலைத் திணித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

எஃபி சொன்னபடியே அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டாம் நாள் இல்லை, மூன்றாம் வாரம். ஊன்றுகோலோடு கடைக்கு வந்தவள், அங்கே நின்ற டூகல்டிடம் மாவு மூட்டையை வண்டியில் தூக்கி வைக்கச் சொன்னாள். தூக்கி வைத்தார். நன்றி என்றாள். பழைய மாதிரி கேலி பேசவில்லை. இப்போதும் அவரிடம் பேசும்போது ஒரு வார்த்தை குறைவாகத்தான் பேசுகிறாள். “கோபம் போயிடுச்சு. ஆனா அவரைப் பாத்தா அந்தக் கொட்டகை ஞாபகம் வருது. அதுக்கு நான் என்ன பண்ண?” என்று என்னிடம் சொன்னாள்.

வசந்தத்தில் இஷ்பெல் மேலறைக்குப் போனாள். முதல் நாள் அவளே கீழே வந்து, “எனக்குக் கீழ வேலை செய்றது உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க,” என்றாள்.

“கஷ்டமாத்தான் இருக்கும்,” என்றார் டூகல்ட். “பலகையை இறக்கட்டுமா?”

போன கோடையில் நானும் அக்கரைக்குப் போக அந்த ஃபெர்ரியில் இருந்தேன். தெற்கிலிருந்து வந்த ஒரு தம்பதி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்த பெரிய வீட்டு வண்டியோடு ஏறியிருந்தார்கள். பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறியவர்களை டூகல்ட் பொறுமையாக அங்குலம் அங்குலமாக வழிகாட்டி ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஜன்னலில் சாய்ந்து மேலே கையைக் காட்டினாள்.

“அங்க ஓட்டுறது ஒரு பொம்பளையா? நல்லா இருக்கே! நீங்க இவ்வளவு வருஷமா இருக்கீங்க போலிருக்கு, உங்களுக்குக் கேப்டன் ஆகணும்னு ஆசையே வரலியா?”

பக்கத்துக் காரில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். அவர்களும் நானும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

“இருந்தேங்க,” என்றார் டூகல்ட். “பயம் வந்துடுச்சு. அதை மறைச்சேன். அப்புறம் இறங்கிட்டேன்.”

அந்த அம்மாள் “ஓ” என்றாள். டூகல்டின் காது இரண்டும், கழுத்தும், சட்டைக் காலர் வரைக்கும் சிவந்திருந்தன. கட்டையைக் காலால் ஒரு தட்டு தட்டி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த வண்டியின் ஜன்னலுக்குப் போய்க் குனிந்தார்.